அறுபது வயதுக்காரர் கையில் ஏன் ரிவால்வர், இருபத்தைந்து வயதுக்காரர் கையில் ஏன் க்ளாக்?

கேள்வி கேட்டவர் டாலஸில் வேலை பார்ப்பவர், வயது 52. அலுவலக நண்பர்களோடு முதல்முறையாகத் துப்பாக்கி சுடுதளத்துக்குப் போயிருக்கிறார். இருபதுகளில் இருந்தவர்கள் அனைவரிடமும் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி பொருத்திய, க்ளாக் போன்ற பாலிமர் பிஸ்டல்கள் (பிளாஸ்டிக் உடல், தோட்டாக்கள் பிடிக்குள்). ஓய்வை நெருங்கும் இருவரிடம் மட்டும் கனமான எஃகுத் துப்பாக்கிகள், அவற்றில் ஒன்று, சுழலும் உருளையில் தோட்டா வைக்கும் ரிவால்வர். "வயது ஏற ஏற ரசனை மாறுகிறதா, கையில் காசு சேர்வதால் மாறுகிறதா? 600 டாலருக்குள் ஒன்று வாங்க நினைக்கிறேன். நான் யாரைப் பின்பற்றுவது?" என்று கேட்டிருக்கிறார். கேள்வி ரசனையைப் பற்றியதுபோல இருந்தாலும், அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். தன் வயதிலும் தன் வருமானத்திலும் இருப்பவர்கள் கடைசியில் எதை வைத்துக்கொள்கிறார்கள், அதற்குத் தக்க காரணம் இருக்கிறதா, அல்லது வெறும் பழக்கமா என்பதுதான் அது. டெக்ஸாஸில் துப்பாக்கிக் கடை விற்பனையாளராகத் தொடங்கி, அதை ஒட்டிய சுடுதளத்தில் பல ஆண்டுகளாகப் பயிற்றுநராக இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். என் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. நான் பார்ப்பது சுட வருபவர்களை. வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு ஒருநாளும் சுடாதவர்கள் என் கண்ணில் படுவதில்லை.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். "வயது" என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம். உடலுக்கு ஆகும் வயது ஒன்று. ஒருவர் எந்தக் காலத்தில் இளைஞராக இருந்தார் என்பது இன்னொன்று. உங்கள் அலுவலகத்தின் 65 வயதுக்காரர் ரிவால்வர் வைத்திருப்பதற்கு அவருக்கு 65 ஆகிவிட்டது காரணமாக இருக்கலாம். 1985-இல் அவருக்கு 25 வயது என்பதும் காரணமாக இருக்கலாம். அன்று கடைக்குப் போன இளைஞர் கண்ணில் பட்டது பெரும்பாலும் ரிவால்வர்தான். அமெரிக்கத் தொழிற்சாலைகள் 1986 வரை பிஸ்டல்களைவிட ரிவால்வர்களையே அதிகம் தயாரித்தன. 1987-இல்தான் பிஸ்டல்கள் முந்தின. போலீஸ்காரர் இடுப்பில் தொங்கியது ஸ்மித் அண்ட் வெஸன் அல்லது கோல்ட் ரிவால்வர். அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்ததும் .38 ஸ்பெஷல் தோட்டா (எண், அங்குலத்தில் குண்டின் தோராய விட்டம்) போடும் ஆறு குண்டு ரிவால்வர். படையில் இருந்தவர்கள் கைக்குப் பழகியது 1911. ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த அந்த .45 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றது. 1985-இல் 9 எம்.எம். பெரெட்டாவைத் தேர்ந்தெடுக்கும்வரை அதுவே ராணுவத்தின் பிஸ்டலாக இருந்தது. இப்படி முதலில் கைக்குப் பழகிய துப்பாக்கியைப் பலர் ஆயுள் முழுவதும் விடுவதில்லை. இதை வயதின் விளைவு என்று சொல்வது தவறு. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பும் அவர் அதே துப்பாக்கியைத்தான் விரும்பினார்.

ஐம்பதுகளில் இருப்பவர்களின் கதை இன்னும் சுவையானது. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்கள் எட்டுப் பேருக்கும் கொள்ளையர்கள் இருவருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் முகவர்கள் இருவர் இறந்தார்கள். தோட்டாக்கள் போதிய ஆழம் பாயவில்லை என்ற முடிவுக்கு வந்த எஃப்.பி.ஐ. முதலில் 10 எம்.எம். தோட்டாவுக்கும், அதன் உதைப்பு பலருக்கு அதிகமாக இருந்ததால் பிறகு 1990-இல் சந்தைக்கு வந்த .40 ஸ்மித் அண்ட் வெஸன் தோட்டாவுக்கும் போனது. நாடெங்கும் போலீஸ் துறைகள் பின்தொடர்ந்தன. போலீஸ் எதை வாங்குகிறதோ அதையே பொதுமக்களும் வாங்குவது இங்கே பழைய வழக்கம். நடுவில், 1994 முதல் 2004 வரை நடப்பில் இருந்த கூட்டாட்சிச் சட்டம் புதிதாகத் தயாராகும் மேகசின்களை (பிஸ்டலுக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) பத்துத் தோட்டாவுக்குள் கட்டுப்படுத்தியது. பத்துத் தோட்டாதான் போட முடியும் என்றால் பெரிய தோட்டாவாகவே இருக்கட்டும் என்று பலர் .45 பக்கமும் .40 பக்கமும் சாய்ந்தார்கள். அந்தப் பத்தாண்டில் முதல் துப்பாக்கி வாங்கியவர்கள் இன்று ஐம்பதுகளில் இருக்கிறார்கள். "9 எம்.எம். பலவீனமானது" என்று அவர்கள் இன்றும் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. பின்னால் தோட்டாக் குண்டுகளின் வடிவமைப்பு மேம்பட்டு, எஃப்.பி.ஐ.யே 2010-களின் நடுவில் 9 எம்.எம்.முக்குத் திரும்பிவிட்டது. இன்றைய இளைஞருக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது. அவர் கடைக்குள் நுழையும்போதே 9 எம்.எம். வெற்றி பெற்றுவிட்டது. 2018-இல் வந்த சிக் சாவர் பி365 சுமார் அரை கிலோ எடைக்குள், உள்ளங்கை அளவில், பத்துத் தோட்டாக்களை அடக்கிக் காட்டியது. அதன்பின் சிறிய துப்பாக்கி என்றால் ஐந்தாறு குண்டுதான் என்ற பழைய கணக்கும் போய்விட்டது.

இனிப் பணம். இருபது வயதை ஒட்டியவர்களிடம் பணம்தான் முதலில் பேசும். கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் பெற்ற வணிகர் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது (இந்த விதி நீதிமன்றங்களில் சவாலுக்கு உள்ளாகியிருக்கிறது). அந்த வயதைத் தாண்டியதும் வருபவர் பையில் பெரும்பாலும் 300 டாலர் இருக்கும், 600 இருக்காது. ஒஹையோவில் தயாராகும் ஹை-பாயிண்ட் சுமார் 200 டாலர். துத்தநாகக் கலவையில் வார்த்த பருமனான ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி), பார்க்க அழகாக இராது, ஆனால் நிறுவனம் ஆயுள் முழுவதற்கும் உத்தரவாதம் தருகிறது. பிரேசிலின் டாரஸ் 250 முதல் 300 டாலர் வரை. துருக்கியின் கனிக் 400 டாலரை ஒட்டி. இந்தக் கனிக் ஒரு தலைமுறையின் மனத்தையே மாற்றியது என்பேன். அதன் விசை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் கொக்கி) தன்னைவிட விலை கூடிய பல பிஸ்டல்களின் விசையைவிட மென்மையானது. இளைஞர்கள் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து வைப்பார்கள். அறுபது வயதுக்காரர் அதே துப்பாக்கியைக் கையில் எடுத்து, பெயரைப் படித்து, திருப்பி வைப்பார். பழைய அமெரிக்கப் பெயர்கள் மீதும் ஆஸ்திரிய, ஜெர்மன் பெயர்கள் மீதும் அவருக்கு இருக்கும் நம்பிக்கையைப் புதியவர்கள் இன்னும் சம்பாதிக்கவில்லை. இதில் இளைஞர்கள் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் கருத்து. விலை குறைவு என்பதற்காக ஒரு துப்பாக்கியைத் தள்ளிவைப்பதற்கு 1970-களில் இருந்த காரணங்கள் இப்போது பெரும்பாலும் இல்லை.

குறைந்த பணத்தில் நல்ல துப்பாக்கி வேண்டுமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. முதல்முறை வாங்குபவர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை. போலீஸ் துறைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய பிஸ்டல்களைக் கொடுத்துவிட்டுப் புதியவை வாங்குகின்றன. அந்தப் பழையவை கடைகளுக்கு மொத்தமாக வருகின்றன. உறையில் உரசி உரசி வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும். உள்ளே குழலும் விசைப்பகுதியும் பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும். போலீஸ்காரர் துப்பாக்கியைத் தினமும் சுமக்கிறார், எப்போதாவதுதான் சுடுகிறார். போலீஸ் 9 எம்.எம்.முக்கு மாறியபோது .40 க்ளாக்குகள் இப்படி மலைபோல வந்து குவிந்தன. விலை குறைவு என்று .40 வாங்கிய பலர், அதன் வெடுக்கென்ற உதைப்பு பிடிக்காமல் பின்னால் கொண்டுவந்து கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் துப்பாக்கியின் விலை, செலவின் சிறிய பாதிதான். தோட்டா விலைதான் மனிதர்களின் விருப்பத்தைச் சத்தமில்லாமல் வடிவமைக்கிறது. சாதாரணக் காலத்தில் 9 எம்.எம். பயிற்சித் தோட்டா ஒன்று ஏறத்தாழ 25 சென்ட்; .45 சுமார் 45 சென்ட்; .38 ஸ்பெஷலும் அதையொட்டி; .44 மேக்னம் என்றால் ஒரு டாலரைத் தாண்டிவிடும். .22 மட்டும் ஏழெட்டு சென்ட். மாதம் நூறு தோட்டா சுடுபவர் ஆண்டுக்கு 9 எம்.எம்.மில் 300 டாலரும் .45-இல் 540 டாலரும் செலவழிக்கிறார். இரண்டு ஆண்டில் அந்த வித்தியாசம் மட்டுமே ஒரு நல்ல துப்பாக்கியின் விலையில் பெரும்பகுதி. .45 வைத்திருப்பவர் மாதம் நூறு சுடுவதை ஐம்பதாகக் குறைப்பார், பிறகு வருவதையே குறைப்பார். 2020-இல் பெருந்தொற்றும் கலவரங்களும் தேர்தலும் ஒன்றாக வந்தபோது துப்பாக்கி வாங்குவோருக்கான எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை முறையில் ஏறத்தாழ 3 கோடியே 97 லட்சம் சோதனைகள் பதிவாகின. அலமாரிகள் காலியாகி 9 எம்.எம். தோட்டா விலை இருமடங்கு, மும்மடங்கு ஆனது. அந்தச் சமயத்தில் சுடுதளத்துக்குத் தொடர்ந்து வந்தவர்கள் யாரென்றால், பழைய தோட்டாவைச் சேர்த்து வைத்திருந்த முதியவர்களும், சுட்ட தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்பி வீட்டிலேயே தோட்டா செய்துகொள்ளும் பழக்கமுள்ளவர்களும், .22 வைத்திருந்தவர்களும்தான். அதற்குப் பிறகு .22 பிஸ்டல் வேண்டும் என்று கேட்டு வந்த இளைஞர்கள் கூடினார்கள். ருகர் நிறுவனம் 1949-இல் 37 டாலர் 50 சென்டுக்கு ஒரு .22 பிஸ்டலோடு தொடங்கியது. அந்த வரிசையின் நான்காம் தலைமுறை இன்றும் விற்கிறது. எந்த வயதினரும் எந்தப் பணநிலையினரும் ஒத்துப்போகும் துப்பாக்கி வகை ஒன்றைக் கைகாட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

பணம் தாராளமாக இருக்கும் இளைஞர்கள் வேறு உலகம். டெக்ஸாஸின் ஃபுளோரன்ஸ் ஊரில் தயாராகும் ஸ்டக்காட்டோ 2,500 டாலரை ஒட்டிய விலை. பழைய 1911-இன் விசை அமைப்பை வைத்துக்கொண்டு, இரட்டை வரிசை மேகசினும் 9 எம்.எம்.முமாக மாற்றியது. ஆஸ்டினின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் முப்பது வயதுக்காரர்கள் இதை ஆசையோடு வாங்குகிறார்கள். அந்தக் காசுக்கு உண்மையிலேயே ஏதோ கிடைக்கிறது: விசை கண்ணாடித் தண்டு முறிவதுபோல் தெளிவாக விடுபடும், துப்பாக்கி குறியை விட்டு அதிகம் எழும்பாது. எனினும் 500 டாலர் க்ளாக்கை வாங்கி, மீதி 2,000 டாலரைத் தோட்டாவிலும் வகுப்பிலும் போட்டவர் ஆறு மாதத்தில் ஸ்டக்காட்டோ வாங்கியவரைவிட நன்றாகச் சுடுவார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தது.

முப்பதுகளில் பெரும்பாலோர் துப்பாக்கியை மாற்றுவதில்லை. வீட்டில் குழந்தை தவழத் தொடங்குகிறது. தலையணைக்கு அருகில் வைத்திருந்தவர் ஒருநாள் வந்து, விரல் பட்டால் திறக்கும் பெட்டி இருக்கிறதா என்று கேட்பார். அவருடைய துப்பாக்கி வாழ்க்கையிலேயே முக்கியமான செலவு அதுதான் என்று அப்போது வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். விலை ஐம்பது டாலரில் தொடங்கி முந்நூறு வரை போகும். துப்பாக்கிக்கு 600 கொடுத்துவிட்டுப் பெட்டிக்கு 50 கொடுக்கத் தயங்குபவரிடம் நான் விற்பனையையே தள்ளிப்போட்டிருக்கிறேன்.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் உடல் பேசத் தொடங்குகிறது. முதலில் கண். வெள்ளெழுத்து வந்தவருக்குக் கையை நீட்டிய தூரத்தில், குழல் முனையில் இருக்கும் முன் குறிமுள் மங்கிவிடும். பைஃபோகலோ புரொக்ரெசிவ் கண்ணாடியோ போட்டவர்கள் அதைத் தெளிவாகப் பார்க்க மோவாயை உயர்த்தித் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். சுடுதளத்தில் யார் ஐம்பதைக் கடந்தவர் என்று பின்னாலிருந்தே கழுத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி இந்தச் சிக்கலை நேரடியாகத் தீர்க்கிறது. அதில் புள்ளி தொலைவில் இருப்பதுபோலத் தெரிவதால், இலக்கை மட்டும் பார்த்தால் போதும், பின் குறிமுள், முன் குறிமுள், இலக்கு என்ற மூன்று தூரங்களுக்கு நடுவே கண் அலைய வேண்டாம். ஆகவே அது தேவைப்படுபவர் முதியவர். ஆனால் அதை வைத்திருப்பவர் இளைஞர். ஏன் இப்படி? ஒரு காரணம் பணம். ஹோலோசன் போன்ற சீனத் தயாரிப்புகள் 200, 300 டாலருக்கு வந்த பின்தான் இளைஞர்களுக்கு அது எட்டியது. இன்னொரு காரணம் பழக்கம். முப்பது ஆண்டுகள் இரும்புக் குறிமுள்ளைத் தேடிய கண், துப்பாக்கியை உயர்த்தியதும் புள்ளியைக் காணாமல் தவிக்கும். புதியவருக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. கண்ணாடியில் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குப் புள்ளி நட்சத்திரம்போல் சிதறித் தெரியலாம். கருவி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கும் முன், கைபேசிக் கேமரா வழியாகப் பாருங்கள். அதில் வட்டமாகத் தெரிந்தால் சிக்கல் கண்ணில். கருவியே வேண்டாம் என்பவர்கள், கை நீளத் தூரத்துக்கு மட்டும் பவர் வைத்து ஒரு கண்ணாடி செய்துகொள்ளலாம். செலவு குறைவு, பலர் இதை நினைப்பதே இல்லை.

அடுத்தது கை. மூட்டுவாதம் வந்தவர்களுக்கு ஸ்லைடைப் பின்னுக்கு இழுப்பதும், மேகசினில் கடைசி மூன்று தோட்டாக்களைக் கட்டைவிரலால் அழுத்துவதும் உண்மையான வேதனை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சிறிய துப்பாக்கி என்றால் சுலபமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வால்தர் பி.பி.கே. போன்ற சிறிய .380 பிஸ்டல்களில் பின்னழுத்தத்தைத் தாங்குவது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே என்பதால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். சுடும் கணத்தில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும் பெரிய 9 எம்.எம். பிஸ்டலை இழுப்பது பல சமயம் அதைவிட எளிது. ஸ்மித் அண்ட் வெஸன் 2018-இல் ஷீல்டு ஈ.இசட். என்ற .380 பிஸ்டலை இந்தத் தேவைக்காகவே கொண்டுவந்தது. ஸ்லைடு இலகுவாக வரும், மேகசினில் தோட்டாவைக் கீழிறக்கப் பக்கத்தில் பிடிமானம் உண்டு. "என்னால் இழுக்கவே முடியாது" என்று வருபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது முறை மட்டும்தான். ஸ்லைடை ஒரு கையால் மார்புக்கு அருகே உறுதியாகப் பிடித்துக்கொண்டு, பிடியை மறு கையால் முன்னோக்கித் தள்ளினால், விரல் வலிமைக்குப் பதிலாகத் தோளும் மார்பும் வேலை செய்யும். குழல் வாய் எப்போதும் இலக்குப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அப்போது மறக்கக் கூடாது.

இழுக்க முடியாதவர்களுக்கு ரிவால்வரே விடை என்று கடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். முதியவர் வந்தாலும் பெண் வந்தாலும் 425 கிராம் எடையுள்ள அலுமினிய உடல் ஐந்து குண்டு ரிவால்வரை எடுத்து நீட்டுவது இந்தத் தொழிலின் பழைய கெட்ட பழக்கம். எனக்கு இதில் கோபமே உண்டு. அந்தத் துப்பாக்கியை இழுக்க ஸ்லைடு இல்லை என்பது மெய். ஆனால் அதன் விசை பத்துப் பன்னிரண்டு பவுண்டு இழுவிசை கேட்கும். மூட்டுவலி உள்ள ஆள்காட்டி விரலால் அதை நேராக இழுக்க முடியாது. எடை குறைவு என்பதால் அதே .38 தோட்டா உள்ளங்கையில் அறைவதுபோல் உதைக்கும். ஐந்து குண்டு சுட்டதும் போதும் என்று வைத்துவிடுவார்கள், பிறகு தொடவே மாட்டார்கள். அதே தோட்டாவை ஒரு கிலோ எடையுள்ள எஃகு ரிவால்வரில், அல்லது உதைப்பு குறைந்த வாட்கட்டர் தோட்டாவாக மாற்றிச் சுட்டுப் பார்த்தால் முகமே மலரும். உங்கள் அலுவலக முதியவரின் கனமான ரிவால்வருக்கு இது ஒரு நல்ல காரணம். ரிவால்வருக்கு உண்மையான ஒரு சாதகமும் உண்டு: மணிக்கட்டு தளர்ந்து பிடித்தால் எடை குறைந்த பிஸ்டல் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் சிக்கிக்கொள்ளலாம், ரிவால்வரை அப்படித் தளர்ந்த பிடி பாதிக்காது.

உடலோடு சுமப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். சுமக்க இலகுவாக வேண்டும், சுட கனமாக வேண்டும்; இரண்டும் ஒரே துப்பாக்கியில் கிடைக்காது. இளைஞர்கள் வயிற்றுக்கு முன்னால், இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொள்கிறார்கள். வயிறு சற்றுப் பருத்து, முதுகுவலியும் வந்தவர் அப்படி உட்கார முடியாது. வலப்பக்க இடுப்பில் வைக்கலாம் என்றால் தோள் பின்னோக்கித் திரும்ப மறுக்கும். கடைசியில் கால்சட்டைப் பைக்குள் அடங்கும் ருகர் எல்.சி.பி. போன்ற குட்டித் துப்பாக்கிக்கு வந்து சேர்வார்கள். அது சுடுவதற்குக் கடினமானது என்று தெரிந்தே வாங்குகிறார்கள். பணமும் ரசனையும் இந்த முடிவில் அதிகம் குறுக்கிடுவதில்லை.

இவை எல்லாம் தேவை. ஐம்பத்தைந்துக்கு மேல் பணம் ஓரளவு சேர்ந்து, பிள்ளைகள் வெளியேறிய வீட்டில் மலரும் ஆசை வேறு. நீலப்பூச்சு எஃகும் வால்நட் மரப் பிடியும் அப்போது திரும்பி வருகின்றன. 1955-இல் வந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோன கோல்ட் பைத்தான் ரிவால்வரின் பழைய பிரதிகள் ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறின. அந்த ஆவலைப் பார்த்துத்தான் கோல்ட் 2020-இல் அதை மறுபடி சுமார் 1,500 டாலருக்குக் கொண்டுவந்தது. 1873 மாதிரி ரிவால்வரோடு, அந்தக் கால உடையில் போட்டியிடும் கௌபாய் சுடும் போட்டிகளுக்குப் போனால் நரைத்த தலைகளே அதிகம். சிறுவயதில் தொலைக்காட்சியில் மேற்கத்தியத் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். இளமையில் வாங்க முடியாததை இப்போது வாங்குகிறார்கள். இங்கே வயது, தலைமுறை, பணம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியவை: கண்ணும் கையும் தளர்வதால் வரும் மாற்றம், தோட்டா விலையால் வரும் மாற்றம், இளமையில் சந்தையில் இருந்ததன் பாதிப்பு. இன்றைய இளைஞர் 65 வயதில் ரிவால்வருக்கு வருவாரா என்பது ஊகம். வரமாட்டார் என்பது என் ஊகம். அவருக்குப் பழகியது 9 எம்.எம்.மும் புள்ளியும், ஆகவே அதே வகையில் சற்றுக் கனமானதை நாடுவார். சட்டமும் ரசனையை வளைக்கும் என்பதற்கு நம் நாடே சான்று. இந்தியாவில் 9 எம்.எம்., .38, .45 எல்லாம் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவுகள். உரிமம் பெற்றவர்களும் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரையே வாங்குகிறார்கள். இருபத்தைந்துக்கும் அறுபதுக்கும் அங்கே அதிக வேறுபாடு தெரியாது.

எழுபதுக்கு மேலான வயதைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடித்தால் நேர்மையாகாது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள்; 2021-இல் சுமார் 48,800 சாவுகளில் 26,300 அப்படிப்பட்டவை. தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருப்பது 75 வயதைக் கடந்த ஆண்களிடம். மறதி நோயும் தனிமையும் மனச்சோர்வும் வரும் வயதில் எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியைவிட, சாவி யாரிடம் என்ற கேள்வி பெரிது. என்னிடம் நெடுநாள் பயின்ற சில முதியவர்கள், மனம் தெளிவாக இருக்கும்போதே, எந்த நிலையில் யார் வந்து எடுத்துச்செல்ல வேண்டும் என்று பிள்ளைகளோடு பேசி எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களை மிகவும் மதிக்கிறேன். வீட்டில் பெற்றோரிடம் துப்பாக்கி இருப்பவர்கள் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது கேட்டவரின் 600 டாலர். அதற்கு முன் விசா. கேள்வியில் அது இல்லை. ஹெச்-1பி போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது; ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது முக்கியமான விதிவிலக்கு. சுடுதளத்தில் நண்பர் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரலாம். நம்மவர்கள் பலர் இதை அறியாமல் அலுவலக நண்பர்களோடு போய்விடுகிறார்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் அடுத்த முறை போவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

சட்டத் தடை இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள். எதையும் வாங்கும் முன் சுடுதளத்தில் நான்கைந்து துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். நடுத்தர அளவு 9 எம்.எம்., ஷீல்டு ஈ.இசட்., கனமான .38 ரிவால்வர் மூன்றும் அதில் இருக்கட்டும். ஸ்லைடு இழுக்க முடிகிறது, கையில் வலி இல்லை என்றால், போலீஸ் துறையிலிருந்து வந்த பழைய 9 எம்.எம். பிஸ்டலை 350 டாலருக்குள் தேடுங்கள். ஐம்பது டாலர் பூட்டுப் பெட்டிக்கு, எழுபத்தைந்து டாலர் முந்நூறு தோட்டாவுக்கு, மீதி முதல்நிலை வகுப்புக்கும் விற்பனை வரிக்கும். சிவப்புப் புள்ளியை இப்போதே வாங்க வேண்டாம்; முன் குறிமுள் மங்கலாகத் தெரிகிறதா என்று வாடகைத் துப்பாக்கியிலேயே தெரிந்துவிடும், தெரிந்தால் அடுத்த ஆண்டுச் செலவாக வையுங்கள். நண்பர்களில் இளையவரையும் பின்பற்ற வேண்டாம், மூத்தவரையும் வேண்டாம். விசா நிலை, கண்ணாடியின் பவர், விரல்களில் மூட்டுவலி உண்டா, வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்ற நான்கையும் எழுதினால், குறிப்பிட்ட மாதிரிகளின் பெயரோடு மறுபடி பதில் சொல்கிறேன்.